நெருப்புக்கும் நேரம் உண்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டலைப் படிக்கிறோம்; மையவிலக்கு விசையைப் படிக்கிறோம்; மின்தேக்கியைப் படிக்கிறோம். மூன்றையும் வெவ்வேறு பருவங்களில் படித்து, வெவ்வேறு தாள்களில் எழுதி, விடுமுறை வந்ததும் ஒருங்கே மறந்துவிடுகிறோம். ஆனால் இம்மூன்றும் கைகோத்துக்கொண்டு நொடிக்கு நூறு முறை வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. அது நம் ஆய்வுக்கூடத்தில் இல்லை. பழைய பெட்ரோல் கார் ஒன்றின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். எஞ்சினின் பக்கவாட்டில், தலையில் ஐந்து தடித்த ஒயர்களைச் செருகிக்கொண்டு, கவிழ்த்துவைத்த தேங்காய் மூடியைப் போல் ஒரு மூடி தெரியும். அதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். அதை ஒரு நெல்மணி அகலம் இப்படியோ அப்படியோ திருப்பினால் எஞ்சினின் ஓட்டமே மாறிவிடும். சரியான இடத்தில் நிறுத்தி இறுக்குவதைத்தான் பட்டறைகளில் ‘டைமிங் வைப்பது’ என்கிறார்கள். இக்கட்டுரையின் பொருள் அதுவே.

எடுத்துக்காட்டுக்கு நம் நாட்டு அம்பாசிடரையே கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை இக்காரைத் தயாரித்தது. நெடுங்காலம் இதன் பெட்ரோல் வகைகளில் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட ‘பி வரிசை’ எஞ்சின். பின்னாளில் வேறு எஞ்சின்களும் வந்தன. அவை இங்கே வேண்டா. டீசல் அம்பாசிடருக்கும் இந்தப் பாடம் பொருந்தாது. அதில் தீப்பொறியே கிடையாது.

கலைச்சொற்கள் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல் ‘உந்துதண்டு’, ‘வணரித்தண்டு’, ‘மின்தேக்கி’ என்று எழுதும். பட்டறையில் அவை பிஸ்டன், கிராங்க், கண்டென்சர். ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு ‘வணரித்தண்டைச் சுற்றுங்கள்’ என்றால் யாரும் சுற்றமாட்டார்கள். ஆகவே பட்டறைச் சொற்களையே பெரும்பாலும் ஆள்கிறேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும்?

நான்கு அடிகளைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்: உறிஞ்சல், அமுக்கல், ஆற்றல், வெளியேற்றம். பிஸ்டன் மேலே ஏறிக் கலவையை அமுக்குகிறது, உச்சியை அடைகிறது, அப்போது பிளக்கில் பொறி விழுகிறது, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. படத்தில் இப்படித்தான் போட்டிருக்கும். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் உண்மையான எஞ்சினில் பிஸ்டன் உச்சியை அடையும் கணத்தில்தான் பொறி விழும்படி வைத்தால், வேகமாக ஓடும்போது அந்த எஞ்சின் சோம்பிக் கிடக்கும், சூடேறும், பெட்ரோலைக் குடிக்கும்.

காரணம் எளிது. கலவை ‘வெடிப்பது’ இல்லை; எரிகிறது. பிளக்கின் முனையில் பிறந்த சுடர் சிலிண்டரின் மறு கோடிவரை பரவ நேரம் வேண்டும். அடுப்பைப் பற்றவைத்த நொடியே உலை கொதித்துவிடுகிறதா? பன்னிரண்டு மணிக்குப் பந்தி என்றால் பத்து மணிக்கே அடுப்பு மூட்டுகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அப்படியானால் உச்ச அழுத்தம் எப்போது கிடைக்க வேண்டும்? ஊஞ்சல் ஆட்டிய எவருக்கும் விடை தெரியும். ஊஞ்சல் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் அது நம் கையைத்தான் அடிக்கும். நெடுந்தூரம் போனபின் தள்ளினால் கை காற்றைத் தள்ளும். வந்து, நின்று, திரும்பிப் போகத் தொடங்கிய அந்தக் கணத்தில் தள்ள வேண்டும். எஞ்சினிலும் பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் மேலும் ஏறத்தாழ 15 பாகை திரும்பியிருக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருப்பது நல்லது. அதற்காக, உச்சிக்குச் சில பாகைகள் முன்னதாகவே பொறியைப் போட்டுவிட வேண்டும். இந்த முன்னேற்பாட்டுக்கு ‘அட்வான்ஸ்’ என்று பெயர். பொறி பிந்தினால் ‘ரிட்டார்ட்’.

இனி ஒரு சிறு கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று வீதம் ஓடுகிறது என்க. நொடிக்கு 10 சுற்று. அதாவது 3600 பாகை. ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் கிராங்க் 3.6 பாகை திரும்பும். அதே எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது அதே நேரத்தில் 18 பாகை திரும்பிவிடும். கலவை எரிந்து அழுத்தம் ஏற ஆயிரத்தில் இரண்டு நொடி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மெதுவான ஓட்டத்தில் அது 7 பாகைதான். வேகமான ஓட்டத்தில் 36 பாகை! நெருப்புக்குத் தேவைப்படுவது நேரம். நாம் எஞ்சினில் அளக்க முடிந்ததோ கோணம். ஒரே நேரம் வேகத்துக்கு ஏற்ப வெவ்வேறு கோணமாக உருமாறுகிறது. டைமிங் என்னும் கலையின் தொல்லை முழுவதும் இந்த உருமாற்றத்தில்தான் இருக்கிறது. (உண்மையில் வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் கலவை சுழன்று கலங்குவதால் சுடரும் விரைந்து பரவும், எனவே தேவைப்படும் அட்வான்ஸ் இக்கணக்கு காட்டும் அளவுக்கு ஏறுவதில்லை. ஆயினும் ஏறுகிறது.)

1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு ‘டி’ காரில் இந்த வேலையை ஓட்டுநரே செய்தார். ஸ்டியரிங்குக்கு இடப்புறம் ஒரு நெம்புகோல். ஹேண்டில் போடும்போது பொறியைப் பிந்தவைப்பார். வண்டி ஓடத் தொடங்கியதும் முந்தவைப்பார். பிறகு வந்த எஞ்சின்களில் இந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டரே ஏற்றுக்கொண்டது. எப்படி என்று பார்ப்போம்.

தேங்காய் மூடிக்குள்ளே

நான்கு அடிக்குக் கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது. ஒரு சிலிண்டருக்கு அதற்குள் ஒரே ஒரு பொறிதான் தேவை. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரின் அச்சு கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அதன் மேலே ரோட்டார் உட்கார்ந்து, நான்கு பிளக்குகளுக்கும் மின்னழுத்தத்தை முறை வைத்துப் பங்கிடுகிறது. முறை 1, 3, 4, 2. ‘டிஸ்ட்ரிபியூட்டர்’ என்றால் பங்கிடுபவர் என்றுதானே பொருள்!

ரோட்டாருக்குக் கீழே நான்கு முனைகள் கொண்ட ஒரு கேம் சுற்றுகிறது. அதில் உரசியபடி ஒரு சிறு நெம்புகோல். அதன் நுனியில் ஒரு தொடுமுனை. எதிரே அசையாத இன்னொரு தொடுமுனை. இவ்விரண்டும்தான் ‘சி.பி. பாயிண்ட்’. பாயிண்ட் சேர்ந்திருக்கும்போது பேட்டரியிலிருந்து காயிலின் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. கேமின் முனை வந்து பாயிண்டைப் பிரித்ததும் ஓட்டம் அறுபடுகிறது; காந்தப்புலம் சரிகிறது; பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட துணைச்சுருளில் பதினையாயிரம் வோல்ட்டுக்குக் குறையாத அழுத்தம் தூண்டப்படுகிறது. பொறி விழுவது பாயிண்ட் சேரும்போது அல்ல, பிரியும்போது. இதை மறந்தால் மேலே சொல்லப்போவது எதுவும் விளங்காது. இந்த பேட்டரி முறையை அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வகுத்தார். 1910-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இம்முறையில்தான் ஓடின.

பாயிண்டுக்கு இணையாக ஒரு கண்டென்சர், ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட். இது இல்லாவிட்டால் பாயிண்ட் பிரியும்போது அதன் இடைவெளியிலேயே மின்வில் எழும், ஓட்டம் சட்டென்று அறுபடாது, பாயிண்ட் கருகும், பிளக்கில் வலுவில்லாப் பொறியே கிடைக்கும். தூண்டப்படும் மின்னழுத்தம் புலம் மாறும் வேகத்தைப் பொறுத்தது என்ற ஃபாரடேயின் விதியை நாம் மனப்பாடம் செய்கிறோம். கண்டென்சர் செத்த வண்டியைத் தள்ளிய டிரைவருக்கு அது மனப்பாடம் செய்யாமலே தெரியும்.

நம் பாடத்தில் வரும் இன்னொரு கணக்கையும் இங்கே போட்டுப் பார்க்கலாம். காயிலின் தடை 3 ஓம், தூண்டல் எண் 10 மில்லிஹென்றி என்று கொள்க. 12 வோல்ட்டுக்கு முழு மின்னோட்டம் 4 ஆம்பியர். ஓட்டம் வளர்வதற்கான காலமாறிலி, தூண்டல் எண்ணைத் தடையால் வகுக்க, ஆயிரத்தில் 3.3 நொடி. எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 6000 பொறி, நொடிக்கு 100. ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே ஆயிரத்தில் 10 நொடி. கேமின் ஒரு முனைக்கு உரிய 90 பாகையில் ஏறத்தாழ 60 பாகை பாயிண்ட் சேர்ந்திருக்கும். எனவே ஓட்டம் வளரக் கிடைப்பது ஆயிரத்தில் 6.7 நொடி. இது இரண்டு காலமாறிலி. ஓட்டம் முழு அளவில் 86 விழுக்காட்டை, அதாவது ஏறத்தாழ 3.5 ஆம்பியரை எட்டும். வேகம் இரு மடங்கானால் கிடைப்பது ஒரே காலமாறிலி. ஓட்டம் 63 விழுக்காட்டோடு நின்றுவிடும். அதிவேகத்தில் பழைய எஞ்சின்களின் பொறி ஏன் மெலிகிறது என்பதற்கு விடை, நாம் வெறுத்து ஒதுக்கும் அந்த அடுக்குக்குறிச் சமன்பாட்டிலேயே இருக்கிறது.

இனி அட்வான்ஸுக்கு வருவோம். பாயிண்ட் தட்டுக்கு அடியில் இரண்டு சிறு எடைகள் சுருள்வில்லால் கட்டப்பட்டிருக்கும். வேகம் கூடக் கூட அவை வெளியே விலகி, கேமைச் சுழலும் திசையிலேயே சற்று முன்னே தள்ளும். பாயிண்ட் முந்திப் பிரியும். இங்கே ஒரு நுட்பம். மையவிலக்கு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது; வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஆனால் எஞ்சினுக்குத் தேவையான அட்வான்ஸ் அப்படித் தாறுமாறாக ஏறுவதில்லை. இதைச் சமாளிக்க இரண்டு வில்களையும் வெவ்வேறு வலிமையில் வைத்தார்கள். மெல்லிய வில் முதலிலிருந்தே இழுக்கும்; தடித்த வில்லின் கண்ணி நீண்டிருப்பதால் எடைகள் சிறிது விலகிய பிறகே அது பிடிக்கும். ‘ரெண்டும் வேறே வேறேயா இருக்கே, எவனோ மாத்திப் போட்டுட்டான்’ என்று சொல்லி ஒரே மாதிரி இரண்டு வில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த வண்டி அதன்பின் ஒருநாளும் ஒழுங்காக இழுக்காது.

வேகம் மட்டுமன்றிச் சுமையும் கணக்கில் வருகிறது. காலைப் பாதி அழுத்திச் சமதரையில் போகும்போது சிலிண்டருக்குள் புகும் கலவை கொஞ்சம். அதில் சுடர் மெல்லப் பரவும். முந்திப் பற்றவைக்க வேண்டும். அப்போது எஞ்சினின் உறிஞ்சு குழாயில் வெற்றிடம் மிகுதி. அதையே பயன்படுத்தி ஒரு சவ்வை இழுத்து, பாயிண்ட் தட்டைத் திருப்புகிறது டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் உள்ள வட்டமான தகரப் பெட்டி. அதற்கு வரும் மெல்லிய குழாய் ஒடிந்தாலும் வண்டி ஓடத்தான் ஓடும். பெட்ரோல்தான் கூடுதலாகச் செலவாகும். ஓடுகிறதே என்று பல வண்டிகளில் அந்தக் குழாயை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

முதலில் இடைவெளி, பிறகே டைமிங்

என் தாய்மாமா எங்கள் ஊரில் ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் இரு குடும்பங்களிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாள்களில் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவனும் நானே. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் வெள்ளை அம்பாசிடர் ஒன்று சென்ற ஆண்டு அங்கே வந்தது. ஊர்வலத்தில் மெல்ல நகரும்போது, பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் உட்கார்ந்திருக்க, ரேடியேட்டர் கொதித்துப் பொங்கிவிடுமாம். மேட்டில் இழுவை இல்லையாம். வேறொரு பட்டறையில் எஞ்சினைப் பிரித்து போர் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். உரிமையாளருக்கு அந்த ஒரு வண்டிதான் பிழைப்பு. முகூர்த்த மாதம் வேறு. கேட்ட தொகையைக் கொடுப்பதற்கு வண்டியை விற்றுவிடலாம் என்ற நிலையில் இருந்தார்.

மாமா எஞ்சினைப் பிரிக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கேமின் முனையில் பாயிண்ட் நன்றாகப் பிரிந்து நிற்கும்படி எஞ்சினைத் திருப்பச் சொல்லி, ஃபீலர் கேஜைச் செருகினார். 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.2 தகடே முக்கி முனகி நுழைந்தது.

“குதி தேஞ்சு போச்சு மாப்ளே. குதி தேஞ்சா நேரம் பின்னாடி போயிரும்” என்றார்.

குதி என்று அவர் சொன்னது, கேமில் உரசும் அந்த ஃபைபர் கட்டையை. அது தேயத் தேயப் பாயிண்டின் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் டைமிங் எப்படிப் பின்னே போகும்? அன்று மாலை தாளில் வரைந்து பார்த்தேன். கேமின் முனை கட்டையைத் தொட்டு உயர்த்தினால்தான் பாயிண்ட் பிரியும். கட்டை தேய்ந்திருந்தால் முனை இன்னும் சற்று ஏறி வந்த பிறகே பிரியும். இறங்கும்போது முன்னதாகவே சேர்ந்துவிடும். ஆகவே சேர்ந்திருக்கும் கோணம் 60 பாகையிலிருந்து 66 ஆனது என்றால், கூடிய 6 பாகையில் பாதி பிரிவதற்கு முன், பாதி பிரிந்தபின். பிரிவது 3 பாகை தாமதம். ஆனால் அச்சு பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் அது 6 பாகை! எஞ்சினுக்கு 5 பாகை அட்வான்ஸ் வைத்திருந்தோம் என்றால், யாரும் தொடாமலே அது உச்சிக்கு 1 பாகை பின்னே போய்விட்டது. மாமா ஒரு வரியில் சொன்னது இவ்வளவும்தான்.

பொறி பிந்தினால் எஞ்சின் ஏன் கொதிக்கிறது என்பதும் இதிலிருந்தே தெரியும். பிஸ்டன் கீழே போய்க்கொண்டிருக்கும்போது கலவை இன்னும் எரிந்துகொண்டிருக்கும். வெப்பம் தள்ளும் வேலையாக மாறாமல் சிலிண்டர்ச் சுவரிலும் புகைவால்விலும் இறங்கும். இழுவை குறைவதால் டிரைவர் காலை மேலும் அழுத்துவார்; மேலும் வெப்பம். ஊர்வல நடையில் ரேடியேட்டருக்கு எதிர்காற்றும் இல்லை. எனவே ரேடியேட்டரைக் குறைசொல்லிப் பயனில்லை. புதிய பாயிண்ட், டைமிங், எல்லாமாக ஒரு மணி நேர வேலை. அந்த மாதத்து முகூர்த்தங்கள் அனைத்துக்கும் வண்டி போய்வந்தது.

ஆகவே வரிசை முக்கியம். இடைவெளியைச் சரிசெய்யாமல் டைமிங்கைத் தொடக்கூடாது. டைமிங்கைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரைத் தொடக்கூடாது. தலைகீழாகச் செய்தால், ஒன்றன் குற்றத்தை இன்னொன்றால் மறைத்த கதையாகும்.

வைக்கும் முறை

பாயிண்டின் முகத்தில் மேடும் பள்ளமும் இருந்தால் தேய்த்து மட்டமாக்கலாம். புதிதாகப் போடுவது மேல். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இனி ஒன்றாம் சிலிண்டர், அதாவது ரேடியேட்டருக்கு அருகில் உள்ளது, அமுக்கல் அடியின் முடிவுக்கு வர வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒன்றாம் துளையைக் கட்டைவிரலால் பொத்திக்கொள்ள வேண்டும்; இன்னொருவர் ஹேண்டிலால் எஞ்சினை மெல்லச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளினால் அது அமுக்கல் அடி. தள்ளவில்லையென்றால் வெளியேற்ற அடி. இன்னும் ஒரு முழுச் சுற்று வேண்டும். இதைப் பார்க்காமல் குறியை மட்டும் பார்த்து வைத்தால், பொறி சரியாக ஒரு சுற்று தள்ளி விழும். எஞ்சின் கார்புரேட்டர் வழியே துப்பும்.

கிராங்க் புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அதற்கெதிரே எஞ்சினின் முன்மூடியில் கூர்முனைகள். நீளமானது உச்சிக்கு, மற்றவை 5 பாகைக்கும் 10 பாகைக்கும். அழுக்கைத் துடைத்து, வெட்டில் சுண்ணாம்பு தடவினால் தெளிவாகத் தெரியும். எத்தனை பாகை என்பது அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். அதுதான் வேதம், பக்கத்துப் பட்டறையின் வழக்கம் வேதமன்று. குறியைத் தாண்டிப் போய்விட்டால் அப்படியே பின்னோக்கி இழுத்து நிறுத்தக்கூடாது. நன்றாகப் பின்னே கொண்டுபோய், மீண்டும் ஓடும் திசையிலேயே குறிக்கு வர வேண்டும். டைமிங் செயினின் தளர்ச்சி ஒரு பக்கமாகவே இருந்தால்தான் கணக்கு சரியாகும். ஆய்வுக்கூடத்தில் திருகுமானியை ஒரே திசையில் திருப்பி அளவெடுக்கச் சொல்லும் அதே காரணம்.

இனி ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு துண்டு ஒயர். ஒரு முனை காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் இணைப்பில். மறுமுனை எஞ்சினின் உடம்பில். சாவியைப் போட வேண்டும். பாயிண்ட் சேர்ந்திருந்தால் மின்னோட்டம் அதன் வழியே தரைக்குப் போய்விடும், பல்பு எரியாது. பிரிந்த கணமே எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள கிளாம்ப் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திக்கொள்க. இந்த எஞ்சினில் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. உடலையும் இடஞ்சுழியாகத் திருப்பினால் பொறி பிந்தும். வலஞ்சுழியாகத் திருப்பினால் முந்தும். கேம் ஓடிவரும் திசைக்கு எதிரே பாயிண்டைக் கொண்டுபோனால் சந்திப்பு முன்னதாக நடக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். எந்த எஞ்சினுக்கும் பொருந்தும். முதலில் பல்பு அணையும்வரை இடஞ்சுழியாகத் திருப்பி, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வலஞ்சுழியாக நகர்த்த வேண்டும். பல்பு எரிந்த அந்த இடத்தில் நிறுத்தி போல்ட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது நகர்ந்துவிடுவது வழக்கம். ஆகவே எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறியும் விளக்கும் ஒன்றாக வருகின்றனவா என்று மறுபடி பார்க்காமல் மூடியைப் போடக்கூடாது. வேலை முடிந்ததும் சாவியை அணைக்கவும். பாயிண்ட் சேர்ந்த நிலையில் சாவியை விட்டுப்போனால் காயில் வெந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அடிக்கோடிட்டு எழுத விரும்புகிறேன். டைமிங் அளவுக்கு மீறி முந்திய எஞ்சினுக்கு ஹேண்டில் போடுவது ஆபத்து. பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே முழு அழுத்தம் பிறந்து, எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். ஹேண்டில் கையைத் திருப்பி அடிக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே மடக்கிப் பிடித்திருந்தால் விரலோ மணிக்கட்டோ முறியும். கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். கீழே அமுக்கிச் சுற்றாமல் மேலே இழுத்துச் சுற்ற வேண்டும். பழைய டிரைவர்கள் பலர் இதைத் தம் கை எலும்பைக் கொடுத்துக் கற்றவர்கள்.

வசதியுள்ள பட்டறைகளில் டைமிங் லைட் வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு முறையும் அது மின்னும். ஓடும் எஞ்சினின் புல்லியில் ஒளியைக் காட்டினால் வெட்டு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். நம் ஆய்வுக்கூடத்தின் சுழல்நிறுத்தொளி இதேதான். அப்போது வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட வேண்டும். எஞ்சின் கையேடு சொல்லும் வேகத்தில் ஓட வேண்டும். வேகத்தைக் கூட்டினால் வெட்டு குறியை விட்டு முன்னே நகர்வது தெரியும். அது நகராமல் நின்றாலோ குதித்தாலோ உள்ளே எடைகளில் துரு, அல்லது அச்சில் ஆட்டம். நின்றபடியே வைக்கும் பல்பு முறை இக்குற்றத்தைக் காட்டாது.

காதும் ஆக்டேனும்

மாமாவிடம் டைமிங் லைட் இல்லை. பல்பில் வைத்தபின், வண்டியை டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய மேட்டில் விட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துவார். சில்லறைக் காசு குலுங்குவதுபோல் மெல்லிய ஒலி எழுந்து, வேகம் பிடித்ததும் மறைந்தால், “போதும்” என்பார். ஒலி நீடித்தால் இறங்கி ஒரு மயிரிழை பின்னே திருப்புவார். ஒலியே இல்லாமல் வண்டி மந்தமாக இருந்தால் ஒரு மயிரிழை முன்னே.

அந்த ஒலிதான் நாக்கிங். பொறி முந்தினால் சுடர் பரவும்போதே அழுத்தமும் வெப்பமும் மிகுந்து, மறுகோடியில் மிச்சமிருக்கும் கலவை தானே ஒரே கணத்தில் பற்றிக்கொள்கிறது. அழுத்த அலை உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல் தட்டுகிறது. நெடுநேரம் தட்டினால் பிஸ்டன் தலையில் குழி விழும். இதைத் தாங்கும் திறனே பெட்ரோலின் ஆக்டேன் எண்: ஐசோ ஆக்டேனுக்கு 100, சாதாரண ஹெப்டேனுக்குச் சுழி. நாக்கிங்கை அடக்க, அமெரிக்காவில் 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டுபிடித்தார். எஞ்சின் அமைதியானது, உலகத்துக் காற்றில் ஈய நஞ்சு ஏறியது. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில்தான் முற்றாக நிறுத்தப்பட்டது.

இந்த இடத்தில் மட்டும் மாமாவின் காதோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் இன்றைய கார்களைவிடக் குறைவு; அது வடிவமைக்கப்பட்ட காலத்தில் நம் நாட்டில் கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் எண்ணும் குறைவு. இன்று சாதாரணப் பெட்ரோலே 91; எத்தனால் கலப்பதால் அது மேலும் உயர்கிறது. ஆகவே அளவுக்கு மீறி முந்தவைத்தாலும் நாக்கிங் ஒலி எழாமலே போகலாம். ஒலியைத் தேடிக்கொண்டு முன்னே திருப்பிக்கொண்டே போனால், ஒலி வரும் முன்பே ஊஞ்சல் கையை அடிக்கத் தொடங்கிவிடும். இழுவை கூடாது, குறையும். இதை மாமாவிடம் சொன்னேன். “அதனாலதான் இப்பல்லாம் சத்தமே வர மாட்டேங்குதா!” என்றவர், அதற்குப் பின் பல்பு வைத்த இடத்திலிருந்து முன்னே திருப்புவதைக் குறைத்துக்கொண்டார். காதை விட்டுவிடவும் இல்லை. பாயிண்ட் அச்சில் ஆட்டம் இருப்பதை இன்றும் அவர் காதுதான் எனக்கு முன்னால் கண்டுபிடிக்கிறது.

பாயிண்ட் தேய்வது நிற்காது. ஆகவே 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடைவெளியையும் டைமிங்கையும் பார்த்துவிடுவது நல்லது. கேமில் கடுகளவு கிரீஸ் தடவினால் குதி நெடுநாள் உழைக்கும். கூடுதலாகத் தடவினால் அது சிதறிப் பாயிண்டில் பட்டு வண்டி நின்றுவிடும். இப்போது சிலர் பாயிண்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு, அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்னணு உணரி ஒன்றைப் பொருத்துகிறார்கள். தேய்வதற்கு அதில் குதி இல்லை. ஆனால் எடைகளும் வில்களும் பழையவையே; உடலைத் திருப்பித்தான் அதற்கும் டைமிங் வைக்க வேண்டும். உணரியைப் பொருத்தியபின் பல்பு முறையை நம்பாமல் டைமிங் லைட்டைப் பிடித்தே வைக்க வேண்டும்.